லைன் கிடைக்கும்வரை

போன வாரம் எங்கள் வீட்டுக்கும் போன் வந்துவிட்டது. மனுப் போட்டு வருஷக்கணக்காகக் காத்திருந்தோம். என் கணவர் துபாயிலிருந்து லீவில் வந்திருக்கும் நேரமாகப் பார்த்து அது வந்து சேர்ந்திருக்கிறது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. காலையில் துடைக்கிறார், மாலையில் துடைக்கிறார். நடுவில் கடையில் இருக்கும் தம்பிக்கு ஒன்றுமில்லாத விஷயத்துக்குப் போன் போட்டு, "கேக்குதா? நல்லா கேக்குதா?" என்று கத்துகிறார். அவர் கத்துகிற கத்தலுக்குப் போனே வேண்டாம், கடைத்தெருவுக்கு அப்படியே கேட்டிருக்கும்.

நேற்று எங்கள் மகள் ஆஸியாவை மடியில் வைத்துக்கொண்டு நம்பர் சுழற்றக் கற்றுக்கொடுத்தார். "உம்மாவும் நானும் வெளிய போயிருக்கும்போது ஒரு ஆபத்துன்னா நீ என்ன செய்வே? ஓடிவந்து போனை எடுத்து..." என்று ஆரம்பித்தார்.

அடுப்படியிலிருந்து நான் கரண்டியோடு வந்துவிட்டேன்.

"முதல்ல பக்கத்து வீட்டுக்கு ஓடச் சொல்லுங்க. போனெல்லாம் அப்பறம்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். ரிசீவரை வைத்தார்.  அவருக்கும் தெரிந்த கதைதான் அது. அன்றைக்கு அந்தப் போனில் அவரும் பேசியிருக்கிறார்.

எங்கள் வீட்டுக்கு இடது பக்கத்து வீடு இப்போது பூட்டிக் கிடக்கிறது. அதில் சொல்தா பிரான்சுவாவின் குடும்பம் இருந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களைக் காரைக்காலில் சொல்தா என்றுதான் சொல்வோம். அவர் மனைவி ஆன்தோனெத். மூத்தவள் ழோசெத், அவளுக்கு அப்போது பதினொரு வயது. இளையவன் சார்ல், ஐந்து வயது. இப்போது மூன்று பேரும் பிரான்சில் இருக்கிறார்கள்.

பிரான்சுவா நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு அவரைத் திட்டும்போது எனக்கே மறந்துபோகும். கடன் கேட்டுப் போனவரை வெறுங்கையோடு அனுப்பமாட்டார். யார் வீட்டுச் சாவு என்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ஆனால் வீட்டைப் பட்டாளமாகத்தான் நடத்தினார். சாப்பாட்டு மேசையில் தட்டு இருக்கவேண்டிய இடம், செருப்பு கழற்றவேண்டிய இடம், எல்லாவற்றுக்கும் ஒரு உத்தரவு. ஆன்தோனெத் அக்கா மட்டும் அதையெல்லாம் கண்டுகொள்ளாமல் தன் போக்கில் இருப்பாள். பிள்ளைகளால் அப்படி இருக்க முடியுமா?

அவர்கள் வீட்டுக்குப் போன் வருவதற்கு முன்னால், இரண்டு பேரும் வெளியூர் போனால் பிள்ளைகள் என்னிடம்தான் இருப்பார்கள். எனக்குக் கல்யாணமாகி, அவர் துபாய்க்குக் கிளம்பிப் போய், வயிற்றில் பிள்ளை எதுவும் தங்காமல் மாமியாரோடு நான் மல்லுக்கு நின்ற காலம். சார்லுக்கு நான் வைக்கும் கறி ஆணம் என்றால், அதாவது கறிக்குழம்பு என்றால், உயிர். உறைக்குது, உறைக்குது என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே இன்னொரு கை வாங்குவான். சாப்பிட்டதும் நான் வெளியே போகையில் போர்த்திக்கொள்ளும் வெள்ளைத் துப்பட்டியை இழுத்துப் போட்டு அதன் மேல்தான் தூங்குவான். ழோசெத் என் தலையைப் பின்னி அவிழ்த்து, பின்னி அவிழ்த்து, பொழுதைப் போக்குவாள். அவளும் தெருப் பிள்ளைகளைப் பார்த்து என்னை நிஷா லாத்தா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் வீடுகளில் அக்காவை அப்படிச் சொல்வது வழக்கம்.

எழுபத்தேழில் அவர்கள் வீட்டுக்குப் போன் வந்தது. தெருவுக்கே அது ஒன்றுதான். அப்போது லீவில் வந்திருந்த என் கணவரும் அந்த நம்பரைத்தான் பி.பி. நம்பராக வாங்கிக்கொண்டு போனார். அங்கே கூப்பிட்டு, பக்கத்து வீட்டு அமீர் நிஷாவை வரச் சொல்லுங்கள் என்றால் கூப்பிட்டுவிடுவார்கள். மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகு கூப்பிடுவார். ழோசெத், "லாத்தா, துபாய்! லாத்தா, துபாய்!" என்று தெருவெல்லாம் கேட்கக் கத்திக்கொண்டு வருவாள். நான் துப்பட்டியை வாரிப் போட்டுக்கொண்டு ஓடுவேன். ஓடிப் போய் என்ன பேசுவேன்? அவர்கள் வீடு முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு இருக்க, "நல்லாயிருக்கேன், நீங்க நல்லாயிருக்கீங்களா" என்பதற்குமேல் எந்தப் பெண்ணுக்கு வாய் வரும்? அதற்குள் லைன் அறுந்துவிடும்.

பி.பி. போனுக்கு ஒரு மரியாதை உண்டு. கூப்பிட்டால்தான் போகவேண்டும். கூப்பிடாமல் போய் அடுத்தவர் கூடத்தில் போன் அடிக்குமா என்று உட்கார்ந்திருந்தால் அவர்களுக்கும் சங்கடம், நமக்கும் அசிங்கம். என் மாமியார் இதை எனக்கு அந்தப் போன் வந்த புதிதிலேயே மந்திரம்போலச் சொல்லிக்கொடுத்திருந்தார்.

போன் வந்த பிறகு பிள்ளைகளை என்னிடம் விடுவது நின்றுபோனது. சண்டை இல்லை, சச்சரவு இல்லை. ஆன்தோனெத் அக்கா என் பெயரை எடுத்தாலே பிரான்சுவா, "எதுக்கு? போன் இருக்கே" என்பாராம். அவருக்கு அது பெருமை.  பெற்றவர் அவர். மனத்துக்குள் மட்டும், ஏன், போன் சோறு ஊட்டுமா என்று கேட்டுக்கொண்டேன்.

போனுக்கென்றும் உத்தரவுகள் வந்தன. அப்போதெல்லாம் வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் புக் பண்ணவேண்டும். எக்ஸ்சேஞ்சில் நம்பரைச் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டுக் காத்திருந்தால், லைன் கிடைக்கும்போது அவர்கள் நம்மைக் கூப்பிடுவார்கள். அந்த நேரம் எடுக்க ஆளில்லை என்றால் போயிற்று, மறுபடி முதலிலிருந்து. ஒருமுறை ழோசெத் போனுக்குக் காவல் இருக்கவேண்டிய நேரத்தில் பாண்டி விளையாடப் போய்விட்டாள். பிரான்சுவாவுக்கு வரவேண்டிய முக்கியமான கால் போய்விட்டது. அவர் அவளை அடிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனுக்குப் பக்கத்தில் விறைப்பாக நிற்கவைத்தார். "காவலுக்கு நிக்கிற சொல்தா எடத்த விட்டு நகர்ந்தா என்ன ஆகும், தெரியுமா?" என்று கேட்டார். அடித்திருந்தால் மறந்திருப்பாள்.

எழுபத்தெட்டு, மழைக்காலம். கான்சல் ஆபீசில், தான் உயிரோடு இருப்பதாகப் பென்ஷனுக்குக் கையெழுத்துப் போடப் பிரான்சுவா புதுச்சேரி போகவேண்டியிருந்தது. ஆன்தோனெத் அக்காவுக்கும் ஏதோ காகிதத்தில் கையெழுத்து. சார்லுக்குப் பஸ் ஏறினாலே குமட்டும், அதனால் அவனை அழைத்துப்போகவில்லை. மழைக்காகப் பள்ளிக்கூடம் லீவு விட்டிருந்ததால் ழோசெத் தம்பிக்குத் துணை. ராத்திரிக்குள் திரும்பிவிடலாம் என்பது திட்டம். விடியற்காலையில் கிளம்பும்போது ஆன்தோனெத் அக்கா எங்கள் வாசலில் தயங்கி நின்றாளாம். "நிஷாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடுறேங்க."

"எதுக்கு அடுத்தவங்களுக்குத் தொந்தரவு? அதான் போன் இருக்கே."

ழோசெத்துக்கு உத்தரவு ஆகியிருந்தது. கதவைத் தாழ்ப்பாள் போட்டுக்கொள். யாருக்கும் திறக்காதே. பெரியவங்க இல்லை என்று யாரிடமும் சொல்லாதே. ஏதாவது என்றால் புதுச்சேரியில் ஆல்போன்ஸ் மாமா வீட்டுக்கு ட்ரங்க் கால் புக் பண்ணு. புக் பண்ணினால் லைன் கிடைக்கும்வரை போனை விட்டு நகராதே.

இனி நான் சொல்வதெல்லாம் அந்தப் பிள்ளை பிறகு என்னிடம் துண்டு துண்டாகச் சொன்னது.

காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு சார்லுக்கு வயிற்றாலே போயிற்று. அந்த மழையில் ஊர்க் கிணறெல்லாம் கலங்கிக் கிடந்தது, வீட்டுக்கு ஒருவருக்காவது வயிறு சரியில்லை. ழோசெத் கழுவிவிட்டாள், கால்சட்டை மாற்றினாள். மறுபடி போயிற்று. வாந்தியும் எடுத்தான். தண்ணீர் கொடுத்தாள், அதையும் வாந்தி எடுத்தான். தண்ணீர் கொடுப்பதால்தான் இப்படியாகிறது என்று நினைத்து அதை நிறுத்திவிட்டாள். பதினொரு வயதுப் பிள்ளை. வேறு எப்படி நினைக்கும்? நம்மில் எத்தனை தாய்மார்கள் அப்படி நினைத்துப் பிள்ளைகளைப் பறிகொடுத்திருக்கிறோம்.

போனை எடுத்தாள். எக்ஸ்சேஞ்சில் இருந்த அம்மா, கடலூர்ப் பக்கம் காற்றுமழையில் லைன் கெட்டிருக்கிறது, சரியானதும் கூப்பிடுகிறோம் என்றாராம். சின்னப் பிள்ளைக் குரலைக் கேட்டு, "வீட்டுல பெரியவங்க இல்லையாம்மா?" என்றும் கேட்டிருக்கிறார்.

"இருக்காங்க" என்று ழோசெத் சொல்லியிருக்கிறாள். உத்தரவு அப்படி.

உள்ளே இருந்து பாயும் தலையணையும் இழுத்து வந்து கூடத்தில் போன் மேசைக்குப் பக்கத்தில் போட்டுத் தம்பியைக் கிடத்தினாள். அங்கிருந்தால் தம்பியையும் பார்க்கலாம், போனையும் விட்டு நகரவேண்டியதில்லை. அவன் தண்ணீர் கேட்டான். "பப்பா பேசட்டும்டா. தரலாமான்னு கேட்டுட்டுத் தர்றேன்." மறுபடி கேட்டான். மறுபடியும் அதே பதில். பாயைத் துடைத்தாள், துணியை மாற்றினாள், போனைப் பார்த்தாள். வீட்டிலிருந்த துணியெல்லாம் தீர்ந்து ஆன்தோனெத் அக்காவின் பட்டுச் சேலையைக்கூட எடுத்திருந்தாள். ஒரு சுவர். அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான். மழைச் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று எனக்கு அவர் கூப்பிடும் வெள்ளிக்கிழமை. நான் காலையிலேயே தலைக்குக் குளித்து, நல்ல சேலை கட்டி, துப்பட்டியை மடித்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஜும்ஆ முடியக் காத்திருந்தேன். பள்ளிவாசலிலிருந்து ஆண்கள் நனைந்துகொண்டு திரும்பினார்கள். கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் போன் அடித்தது. அது மட்டும் எனக்குச் சுவர் வழியாக நன்றாகக் கேட்டது. எழுந்து துப்பட்டியைப் போட்டுக்கொண்டு கதவருகே போய் நின்றேன். யாரும் வரவில்லை. சரி, வேறு யாருக்கோ என்று மறுபடி உட்கார்ந்தேன்.

எனக்குத்தான் வந்தது.

ழோசெத் பாய்ந்து எடுத்திருக்கிறாள். பப்பா என்று நினைத்து எடுத்தால் துபாய். நிஷாவைக் கூப்பிடும்மா என்கிறார் என் கணவர். என்னைக் கூப்பிட ஓடினால் போனை விட்டுப் போகவேண்டும். நான் வந்து பேசினால் அந்த நேரத்தில் பப்பாவின் லைன் வந்து திரும்பிப் போய்விடும். அந்தச் சின்னத் தலை எல்லாவற்றையும் யோசித்திருக்கிறது.

"நிஷா லாத்தா ஊர்ல இல்ல மாமா."

"எங்கம்மா போயிருக்கு?"

"தெரியல" என்று சொல்லிவிட்டு ரிசீவரை வைத்துவிட்டாள்.

வழக்கம்போல என்னைக் கூப்பிட ஓடி வந்திருந்தால், நான் அந்தக் கூடத்துக்குள் கால் வைத்திருப்பேன். வைத்திருந்தால் பிள்ளையைப் பார்த்திருப்பேன். அப்போது மத்தியானம். பொழுது அவ்வளவு மிச்சம் இருந்தது. இதை எத்தனை தரம் நினைத்திருப்பேன் என்று அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். 

சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கும் சொல்லியாயிற்று. முதலில் அவர்மேல் கோபம் வந்தது, பிறகு கவலை வந்தது. அவருக்கு ஏதாவது ஆகியிருந்தால்? மாமியார் சொல்லிக்கொடுத்த மரியாதையை மூட்டை கட்டி வைத்துவிட்டு, பொழுது சாயும் நேரத்தில் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன்.

"யாரு?"

"நான்தாண்டி. துபாயிலேருந்து போன் ஏதும் வந்துச்சா?"

காலடிச் சத்தம் கதவுவரை வந்து நின்றது. பிறகு தாழ்ப்பாள் திறந்தது. திறந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் திரும்ப ஓடிப் போய்ப் போனுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள். உள்ளே வந்ததும் அந்த நாற்றம். பாயில் சார்ல். கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன, உதடு காய்ந்து வெடித்திருந்தது. கையைத் தொட்டேன், சில்லென்று இருந்தது.

"யா அல்லாஹ்! என்னடி ஆச்சு இவனுக்கு?"

"காலைலேருந்து வயித்தால போச்சு லாத்தா. இப்ப நல்லாயிட்டான். ரொம்ப நேரமா போகவே இல்ல. அழுவக்கூட இல்ல. தூங்குறான்."

அந்த உடம்பில் போவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று அவளுக்கு எப்படிப் புரியும்? பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு கத்தினேன். கணவரின் தம்பி மன்சூர் அலி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு வந்தான். கொழுந்தன் பின்னால் ஸ்கூட்டரில் உட்கார்ந்தால் ஊர் என்ன பேசும் என்று நினைக்க நேரமில்லை, ஏறி உட்கார்ந்துவிட்டேன்.

"நீயும் வாடி, ரிக்ஷால வா, நம்ம மாமி அழைச்சிட்டு வருவாங்க" என்றேன் ழோசெத்திடம்.

அவள் அசையவில்லை. "நீங்க போங்க லாத்தா. லைன் வந்துரும்."

ஆஸ்பத்திரியில் அவர்கள் செய்யாதது ஒன்றுமில்லை. குளுக்கோஸ் ஏற்ற நரம்பு தேடினார்கள். கையில் தேடினார்கள், காலில் தேடினார்கள், நெற்றியில்கூடத் தேடினார்கள். ஒருவழியாகக் கிடைத்தது, சொட்டுச் சொட்டாக இறங்கியது. நான் அவன் பாதத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். ஒருமுறை கண்ணைத் திறந்தான். என்னைப் பார்த்தானா என்று தெரியாது, பார்த்தான் என்றே வைத்துக்கொள்கிறேன். டாக்டர் சின்ன வயசுக்காரர். அவர் வெளியே போய் நின்று சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. மத்தியானமாவது கொண்டுவந்திருக்கலாமே என்றார். யாரையும் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை, ஆற்றாமையில் சொன்னார்.

நாங்கள் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அங்கே லைன் கிடைத்துவிட்டது. காலையிலிருந்து அந்தப் பிள்ளை காத்துக் கிடந்த லைன். ஆல்போன்ஸ் மாமாதான் எடுத்தார். "பப்பாவும் மம்மாவும் மூணு மணி பஸ்ஸுக்கே கிளம்பிட்டாங்களேம்மா. இந்நேரம் சீர்காழி தாண்டியிருப்பாங்க. என்ன விஷயம்?" என்று கேட்டாராம்.

ஒன்றுமில்லை மாமா என்று சொல்லி வைத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாண்டில் மன்சூர் அலிதான் போய் நின்றான். அதை நான் பார்க்கவில்லை. பார்த்தவன் இன்றுவரை அதைப் பற்றி வாய் திறந்ததில்லை. நானும் கேட்கவில்லை.

சார்லை அடக்கம் செய்து, வந்த கூட்டமெல்லாம் கலைந்த பிறகு ஒரு காலையில் அவர்களுக்குக் கஞ்சி காய்ச்சி எடுத்துக்கொண்டு போனேன். ஆன்தோனெத் அக்கா உள்ளே படுத்திருந்தாள். பிரான்சுவா கூடத்து நாற்காலியில் இருந்தார். மீசை முறுக்கில்லாமல் தொங்கியது. துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் அவர் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். "போன் இருந்துச்சே. போன் இருந்துச்சே." அதைக் கேட்கக் கேட்க எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. ஆமாம், இருந்தது. அது இருந்ததால்தான் நான் இல்லாமல் போனேன் என்று கத்தலாம்போல இருந்தது. கத்தவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவனைத் திட்டுவதற்கு எனக்கு நாக்கு வரவில்லை. இப்போது மனத்துக்குள் திட்டுகிறேன், அவ்வளவுதான்.

ழோசெத் பாயில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். அடக்கம் முடிந்ததிலிருந்து அவள் யாரிடமும் பேசவில்லை என்று ஆன்தோனெத் அக்கா சொல்லியிருந்தாள். என் காதருகே வந்து மெதுவாகச் சொன்னாள்.

"மாமாகிட்ட நீங்க ஊர்ல இல்லன்னு சொல்லிட்டேன் லாத்தா."

அப்போதுதான் எனக்கு விஷயமே தெரியும். அந்தச் சுவர் வழியாகக் கேட்ட மணிச் சத்தம் என் காதுக்குள் மறுபடி அடித்தது. நான் அவளை இழுத்து மார்போடு சேர்த்துக்கொண்டேன். "பரவால்லடி. பரவால்ல என் தங்கம்" என்றேன். வேறு என்ன சொல்வது? பரவாயில்லை என்று சொல்லக்கூடிய காரியமா அது?

 பிறகு என் பிடியிலிருந்து விலகி, நிமிர்ந்து உட்கார்ந்து அப்பாவைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் சந்தேகம் கேட்கும் பிள்ளைபோலத்தான் கேட்டாள். குரலில் கோபமே இல்லை.

"பப்பா, காலையிலேயே லைன் கிடைச்சிருந்தா நீங்க என்ன செய்யச் சொல்லியிருப்பீங்க?"

பிரான்சுவா அவளைப் பார்த்தார்.  இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். அவள் விடவில்லை. அவளுக்குப் பதில் வேண்டியிருந்தது.

"சொல்லுங்க பப்பா. என்ன சொல்லியிருப்பீங்க?"

"நிஷாவைக் கூப்பிடச் சொல்லியிருப்பேம்மா" என்றார்.

ழோசெத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவள் கைக்கெட்டும் தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.